மார்ஜின் கால் (2011): அதிகாலை போர்டு ரூம் காட்சி – படம் திரும்பும் இடம் எது?

#1 நிழல்வரி

மார்ஜின் கால் படத்தைப் பற்றிப் பேச்சு வந்தாலே ஜெரமி அயர்ன்ஸ் சொல்லும் மூன்று வழிகள்தான் முதலில் வரும். இந்தத் தொழிலில் பிழைக்க முந்திக்கொள்ள வேண்டும், இல்லை புத்திசாலியாக இருக்க வேண்டும், இல்லை ஏமாற்ற வேண்டும். நல்ல வசனம்தான். ஆனால் படம் திரும்பும் இடம் அதற்குக் கொஞ்சம் பின்னால் வருகிறது என்பது என் வாதம்.

படம் பார்த்து நாளானவர்களுக்காகச் சுருக்கமாக. 2008, பெயர் சொல்லப்படாத ஒரு நியூயார்க் முதலீட்டு வங்கி. ரிஸ்க் பிரிவுத் தலைவர் எரிக் டேல் (ஸ்டான்லி டூச்சி) வேலையிலிருந்து நீக்கப்படுகிறார். போகும்போது ஒரு பென் டிரைவை பீட்டர் சல்லிவனிடம் (சக்கரி குவின்டோ) கொடுத்து, ஜாக்கிரதையாக இரு என்கிறார். அதில் பாதியில் நின்ற கணக்கை பீட்டர் அன்று இரவே முடிக்கிறான்: வங்கி வைத்திருக்கும் அடமானக் கடன் பத்திரங்களின் விலை இறங்கினால் வங்கியே மூழ்கிவிடும். செய்தி படிப்படியாக மேலே ஏறி, கடைசியில் தலைவர் ஜான் டுல்ட் (அயர்ன்ஸ்) ஹெலிகாப்டரில் வந்து இறங்குகிறார்.

போர்டு ரூமில் டுல்ட், அந்தப் பத்திரங்கள் எல்லாவற்றையும் இன்றே விற்றுவிடலாம் என்கிறார். விற்பனைத் தளத்தின் பொறுப்பாளர் சாம் ராஜர்ஸ் (கெவின் ஸ்பேஸி) எதிர்க்கிறார். அப்போது டுல்ட் அவரோடு வாதாடவில்லை. நான் உன்னைக் கட்டாயப்படுத்தினால் எப்படிச் செய்வாய் என்று மட்டும் கேட்கிறார். சாம் சொல்லத் தொடங்குகிறார்: வழக்கமான 6.30 கூட்டத்துக்கு ட்ரேடர்களைக் கூப்பிடணும், அவர்களிடம் உண்மையைச் சொல்லணும், பெரிய தொகை ஒன்றைக் கண்ணில் காட்டணும். 10.15-க்குள் 40 சதவீதம் போயிருக்கணும். மதியச் சாப்பாட்டு நேரத்துக்குள் விஷயம் வெளியே கசிந்துவிடும். 2 மணிக்கு டாலருக்கு 65 சென்ட் கிடைத்தால் அதிர்ஷ்டம். அதன் பிறகு அரசாங்க ஆட்கள் உள்ளே வந்து நிற்பார்கள்.

இதையெல்லாம் சொல்லி முடித்த பிறகுதான், யாருக்கு விற்கப் போகிறோம் என்று கேட்கிறார். வரிசையைக் கவனியுங்கள். "எப்படி"க்குப் பதில் வந்துவிட்டது, அதற்குப் பின்னால்தான் "செய்யலாமா" வருகிறது. எதிர்ப்பவரின் மண்டையிலேயே முழு அட்டவணையும், நிமிடக் கணக்கு உட்பட, தயாராக இருக்கிறது. படம் திரும்புவது இங்கே.

#2 கடன்பத்திரம்

நல்ல கவனிப்பு. நீங்க சொன்ன அட்டவணைக்கு அப்புறம் வர்றேன், அதுல நிறைய விஷயம் இருக்கு. முதல்ல பீட்டர் சொல்ற 25 சதவீதக் கணக்கைப் பார்த்துடலாம், ஏன்னா இதைப் பலரும் தப்பாப் புரிஞ்சுக்கிறாங்க.

பீட்டர் சொல்றது இதுதான்: அடமானக் கடன் பத்திரங்களோட மதிப்பு 25 சதவீதம் இறங்கி, அவை நம்ம கையிலேயே இருந்தா, அந்த நஷ்டம் கம்பெனியோட மொத்த மார்க்கெட் கேப்பைவிட (எல்லாப் பங்குகளோட சந்தை மதிப்பைவிட) அதிகம். முழு பேலன்ஸ் ஷீட்டும் 25 சதவீதம் இறங்கணும்னு இதுக்கு அர்த்தமில்லை.

ஒரு உதாரணக் கணக்கு. சொந்த மூலதனம் 100. லெவரேஜ் (கடன் வாங்கிச் சொத்தைப் பெருக்கற அளவு) 30 மடங்குன்னா மொத்தச் சொத்து 3,000. (2008-ல திவாலான லேமன் பிரதர்ஸ் வங்கி 2007 நிதியாண்டு முடிவுல காட்டினது கிட்டத்தட்ட இந்த விகிதம்தான்.) மொத்தச் சொத்தும் 3.3 சதவீதம் இறங்கினாலே மூலதனம் காலி. இப்போ அடமானப் பத்திரம் மட்டும் 400 இருக்குன்னு வைங்க. அதுல 25 சதவீதம் 100. அதாவது மொத்தச் சொத்துல ஏழுல ஒரு பங்குக்கும் குறைவா இருக்கிற ஒரு சரக்கு கால்வாசி விலை இறங்கினா கம்பெனி மூழ்கிடும். படத்துல சொன்ன எண் மிகைப்படுத்தினது இல்லை. அந்தக் காலத்து வங்கிகளுக்கு ரொம்ப சாதாரணமான நிலைமை அது.

இவ்வளவு கடன் வாங்க எப்படி விட்டாங்கன்னா, அதையும் பீட்டரே அதே மூச்சுல சொல்றான்: அடிப்படையில இவை வீட்டுக் கடன்தானே, அதனால வேறெதுலயும் செய்ய முடியாத அளவுக்கு லெவரேஜை ஏத்த முடிஞ்சது, எச்சரிக்கை மணி எதுவும் அடிக்கலை. அதோட இந்தச் சரக்கை அடுக்கி முடிக்க ஒரு மாசம் ஆகுது, அதுவரைக்கும் அது கம்பெனி தலையில. இந்த ஒரு மாசம்தான் உண்மையான ஓட்டை. விக்கறதுக்காகச் செஞ்ச சரக்கு குடோன்லயே தங்குது.

அடுக்கறதுன்னா என்னன்னும் சொல்லிடறேன். ஆயிரக்கணக்கான வீட்டுக் கடன்களை ஒரு குவியலாச் சேர்த்து, நஷ்டம் வந்தா யார் முதல்ல தாங்கணும்னு படிப்படியாப் பிரிப்பாங்க. உதாரணமா ஒரு படி, குவியலோட நஷ்டம் 4 சதவீதத்தைத் தாண்டினா அடிவாங்க ஆரம்பிச்சு, 6 சதவீதத்துல முழுசாப் போயிடும். நஷ்டம் 3.9-ல நின்னா அந்தப் படிக்கு ஒரு காசும் சேதமில்லை. 6 ஆனா மொத்தமும் பூஜ்யம். இடையில இருக்கிறது வெறும் 2 சதவீதம். இந்த மாதிரிப் படிகளையே திரும்பச் சேர்த்துப் புதுப் பத்திரம் செஞ்சா, கடைசியில இருக்கிறவனுக்குத் தன் கையில என்ன இருக்குன்னே தெரியாது.

#3 முன்வரிசை

கணக்குக்கு நன்றி. காட்சியமைப்பைப் பற்றிக் கொஞ்சம் சொல்கிறேன்.

டுல்ட் உள்ளே வந்ததும் பீட்டரிடம் கேட்பது எளிய மொழி. சின்னக் குழந்தைக்கோ கோல்டன் ரெட்ரீவர் நாய்க்கோ சொல்வதுபோலச் சொல், நான் இந்த இடத்துக்கு மூளையால் வரவில்லை என்கிறார். தன்னடக்கம் போலத் தெரியும். ஆனால் அது ஒரு அதிகார வேலை. கணக்கின் படிகள் அந்த அறைக்குள் வராமல் அந்த ஒரு வாக்கியம் தடுத்துவிடுகிறது. அதன்பின் அங்கே பேசப்படுவது முழுக்க உவமைதான்: பாட்டு நிற்கப் போகிறது, நாம் கையில் மூட்டையோடு நிற்கப் போகிறோம்.

அப்போது பீட்டர் செய்வது எனக்கு மிகவும் பிடித்த செயல். தலைவரின் உவமையையே எடுத்துக்கொண்டு அதைத் திருத்துகிறான். என் மாதிரி காட்டுவது பாட்டின் வேகம் குறைவதை மட்டுமே, பாட்டு நின்றால் நிலைமை இதைவிட ரொம்ப மோசம் என்கிறான். அந்த இரவில் டுல்டின் சொல்லைத் திருத்துகிற துணிச்சல் கடைநிலை ஊழியனுக்குத்தான் இருக்கிறது. அவன் உந்துவிசைப் பொறியியலில் முனைவர் பட்டம் பெற்றவன் என்பது முந்தைய காட்சியிலேயே சொல்லப்பட்டுவிடுகிறது. ஏன் இங்கே வந்தாய் என்றால், எல்லாம் எண்கள்தான், இங்கே சம்பளம் அதிகம் என்பதுதான் பதில்.

பாட்டு உவமை சும்மா வந்ததில்லை. 2007 ஜூலையில் சிட்டிகுரூப் தலைவராக இருந்த சார்லஸ் பிரின்ஸ், பாட்டு ஒலிக்கும் வரை எழுந்து ஆடித்தான் ஆகவேண்டும் என்று பேட்டி கொடுத்தார். அதைப் படித்தவர்களுக்கு டுல்ட் எழுந்து நின்று, எனக்கு இப்போது எதுவும் கேட்கவில்லை, நிசப்தம்தான் என்று சொல்வது வேறு மாதிரி விழும்.

இன்னொரு தகவல்: காலியாகியிருந்த ஒரு டிரேடிங் நிறுவனத்தின் தளத்தில், 17 நாளில் எடுத்த படம் இது. இயக்குநர் ஜே.சி. சாண்டரின் அப்பா மெரில் லிஞ்ச் முதலீட்டு வங்கியில் பல பத்தாண்டுகள் வேலை பார்த்தவர். திரைக்கதைக்கு ஆஸ்கர் பரிந்துரை கிடைத்தது. இந்தக் காட்சியில் அந்த அலுவலக வாடை போலியாகத் தெரியாததற்கு இவையெல்லாம் காரணமாக இருக்கலாம்.

#4 வட்டிக்கணக்கு

பீட்டரின் "வேகம் குறைவது மட்டும்" என்ற திருத்தத்துக்குப் பின்னால் இருப்பது வேல்யூ அட் ரிஸ்க் என்ற அளவுகோலின் குறை. தமிழில் இதை "அதிகபட்ச நஷ்டம்" என்று பலர் எழுதுகிறார்கள். தவறு.

99 சதவீத, ஒரு நாள் வேல்யூ அட் ரிஸ்க் 10 கோடி என்றால், நூறில் 99 நாள் நஷ்டம் 10 கோடிக்குள் இருக்கும் என்று பொருள். மீதி ஒரு நாளில் 11 கோடியா, 500 கோடியா என்று அது எதுவும் சொல்லாது. ஆண்டுக்கு 250 வர்த்தக நாட்கள் என்றால் 2 அல்லது 3 முறை எல்லை மீறுவது இயல்பு. வங்கிகளுக்கான சர்வதேசப் பாசல் விதிகளின்படி 4 மீறல் வரை பச்சை, 5 முதல் 9 வரை மஞ்சள், 10 ஆனால் சிவப்பு. படத்தில் பீட்டர் முதலில் காட்டுவது என்ன? ஏற்ற இறக்கம் பழைய எல்லைகளைச் சமீப வாரங்களிலேயே பலமுறை தாண்டிவிட்டது என்பதை. எத்தனை முறை மீறியது என்பதோடு, அந்த மீறல்கள் ஒரே இடத்தில் கொத்தாக விழுவதையும் பார்க்க வேண்டும். கொத்தாக விழுந்தால் அளவுகோலே பழுது என்று பொருள்.

கடன்பத்திரம் சொன்ன ஒரு மாதக் காத்திருப்பையும் இதோடு சேர்க்க வேண்டும். ஒரு நாள் அபாயத்தை 20 வர்த்தக நாட்களுக்கு நீட்ட, 20-இன் வர்க்கமூலத்தால், அதாவது சுமார் 4.5-ஆல் பெருக்குவது வழக்கம். இது ஒவ்வொரு நாளின் அசைவும் முந்தைய நாளோடு தொடர்பில்லாதது என்ற அனுமானத்தில் நிற்கிறது. எல்லோரும் ஒரே கதவை நோக்கி ஓடும்போது நேற்று இறங்கியதாலேயே இன்றும் இறங்கும். அப்போது பெருக்கல் 20-ஐ நோக்கிப் போகும்.

பேராசை இந்தச் சூத்திரத்துக்குள் எப்படி நுழைகிறது என்பதுதான் எனக்கு முக்கியம். அளவுகோல் கடந்தகால ஏற்ற இறக்கத்தைப் பார்க்கிறது. அமைதியான சில ஆண்டுகள் போனால் ஏற்ற இறக்கம் பாதியாகக் குறைந்திருக்கும். அனுமதிக்கப்பட்ட எல்லை மாறாததால், அதே எல்லைக்குள் இரண்டு மடங்கு சரக்கு வைக்கலாம். போனஸ் ஆசை அந்த இடத்தை நிரப்பிவிடும். பிறகு ஏற்ற இறக்கம் பழைய நிலைக்குத் திரும்பினாலே போதும், யாரும் புதிதாக ஒரு பத்திரம்கூட வாங்காமல் எல்லை இரண்டு மடங்கு மீறப்படும். "இன்று பேராசைப்படுவோம்" என்று யாரும் கையெழுத்துப் போட்டிருக்க மாட்டார்கள்.

2007 ஆகஸ்டில் கோல்ட்மேன் சாக்ஸின் நிதி அதிகாரி டேவிட் வினியர், 25 திட்டவிலக்க அசைவுகளை, அதாவது வழக்கமான ஏற்ற இறக்கத்தைப்போல 25 மடங்கு அசைவுகளைத் தொடர்ந்து பல நாட்கள் பார்த்ததாகச் சொன்னார். சாதாரண மணிவளைவின்படி அப்படி ஒரு நாள்கூட பிரபஞ்சத்தின் ஆயுளில் வரக்கூடாது. வந்தது என்றால் வளைவு தவறு. பீட்டர் டுல்டிடம் சொல்வதும் இதைத்தான்.

#5 கடன்பத்திரம்

இப்போ சாமோட அட்டவணை. இதை வெறும் வசனமா எழுதலை, டெஸ்க்ல உட்கார்ந்தவங்க யோசிக்கிற மாதிரியே எழுதியிருக்காங்க.

இந்தப் பத்திரங்களுக்கு எக்ஸ்சேஞ்ச் கிடையாது. போன்ல ஆளுக்கு ஆள் விலை பேசித்தான் விக்கணும். காலையில முதல் ஒரு மணிநேரம், வாங்குறவன் இவங்க கொஞ்சம் சரக்கைக் குறைக்கறாங்கன்னு நினைப்பான். அது தினம் நடக்கிறதுதான். ஆனா ஒரே வங்கியோட மூணு ட்ரேடர்கள், ஒரே வாடிக்கையாளர் கம்பெனியில இருக்கிற மூணு பேருக்குப் போன் பண்ணினா, அந்த மூணு பேரும் பக்கத்துப் பக்கத்து மேசை. எழுந்து பேசிக்குவாங்க. 10.15, மதியம், 2 மணின்னு சாம் சொல்றது இந்தச் செய்தி பரவுற வேகத்தை.

காலையில 40 சதவீதம் ஏன் அவ்வளவு முக்கியம்னு என் உதாரண எண்களை வச்சே பாருங்க. சாம் சொன்ன விலை 65 மட்டும்தான், மத்தது நான் போட்டது. சரக்கு 400, மூலதனம் 100.

முதல் வழி: 40 சதவீதம் 95-க்கு, 30 சதவீதம் 80-க்கு, 30 சதவீதம் 65-க்கு. வர்றது 38 + 24 + 19.5 = 81.5. நஷ்டம் 18.5 சதவீதம், 400-ல 74. மூலதனத்துல 26 மிஞ்சும். உயிர் தங்குது.

இரண்டாவது வழி: செய்தி முன்னாடியே கசிஞ்சு 40 சதவீதம் 80-க்கு, 30 சதவீதம் 65-க்கு, 30 சதவீதம் 50-க்கு. வர்றது 32 + 19.5 + 15 = 66.5. நஷ்டம் 33.5 சதவீதம், 400-ல 134. முடிஞ்சது.

ரெண்டுக்கும் வித்தியாசம் ரெண்டு, மூணு மணிநேரம்தான். டுல்ட் "இன்னைக்கே"ன்னு பிடிவாதம் பிடிக்கிறது இதனால.

அடுத்தது, அதே பேச்சுல சாம் சொல்ற, மாத்துக்கு மாத்து கிடையாதுங்கற உத்தரவு. பாண்டு டெஸ்க்ல ஒரு மோசமான பத்திரத்தைத் தள்ளிவிடணும்னா, பதிலுக்கு அவன்கிட்ட இருந்து வேற ஒண்ணை வாங்கிக்கிறது வழக்கம். அதுல அபாயம் பேர் மாறி உள்ளேயே இருக்கும். அன்னைக்கு வெளியே மட்டும்தான் போகணும். நிஜத்துல இது எவ்வளவு கஷ்டம்னு பாக்கணும்னா 2008 ஜூலையில மெரில் லிஞ்ச் செஞ்சதைப் பாருங்க. 3,060 கோடி டாலர் முகமதிப்புள்ள சிடிஓக்களை (நான் முன்னாடி சொன்ன, படிகளைத் திரும்பச் சேர்த்துச் செஞ்ச பத்திரங்கள்) லோன் ஸ்டார் நிறுவனத்துக்கு 670 கோடிக்கு வித்தது, டாலருக்கு 22 சென்ட். அதுலயும் 75 சதவீதத்தை வாங்குறவனுக்கு மெரிலே கடனாக் கொடுத்தது. அப்போ கைக்கு வந்த ரொக்கம் டாலருக்கு அஞ்சரை சென்ட் மாதிரி. மெரில் செப்டம்பர் வரைக்கும்தான் தனியா நின்னது. தாமதமா விக்கறவன் நிலைமை இதுதான்.

படத்துல பெரும்பாலானவங்க கவனிக்காத ஒண்ணு: தலைப்பு மார்ஜின் கால், அதாவது அடகு வச்சதோட மதிப்பு இறங்கினதால கூடுதல் ரொக்கம் கேட்டு வர்ற அழைப்பு. ஆனா அந்த இரவுல இந்த வங்கிக்கு யாரும் மார்ஜின் கேட்டுப் போன் பண்றதில்லை. இவங்க 65-க்கு வித்ததும், காலையில 95-க்கு வாங்கினவன் சாயங்காலம் அதை 65-ன்னு குறிச்சாகணும். அதே மாதிரிப் பத்திரத்தை அடகு வச்சு ரெப்போவுல (பத்திர அடகுல வாங்கற குறுகிய காலக் கடன்) கடன் வாங்கினவனுக்கும் அதே கதை. நூறு ரூபாய்ப் பத்திரத்துக்கு 98 கடன் கொடுத்தவன் இனிமே 90-தான் தருவேன்னா, மறுநாள் காலையில 8 ரூபாய் ரொக்கம் கொண்டு வரணும். போன் ஊர் முழுக்க அடிக்கும், இந்தக் கட்டடத்துல மட்டும் அடிக்காது. பேர் ஸ்டெர்ன்ஸ்ங்கற முதலீட்டு வங்கி 2008 மார்ச் 10-ல 1,810 கோடி டாலர் ரொக்க இருப்பு வச்சிருந்தது, 13-ஆம் தேதி ராத்திரி ஏறக்குறைய 200 கோடி. மூணு நாள்.

#6 சட்டப்புள்ளி

சாம் சொல்லும் குற்றச்சாட்டு: மதிப்பில்லை என்று தெரிந்தே விற்கிறோம். டுல்டின் பதில்: வாங்கச் சம்மதிப்பவர்களுக்கு, இன்றைய சந்தை விலையில் விற்கிறோம். இந்தப் பதிலை வெறும் சால்ஜாப்பு என்று ஒதுக்குவது எளிது. சட்டத்தில் அதற்கு வலு இருக்கிறது.

அமெரிக்கப் பத்திரச் சட்டத்தில், ஒருவருக்கொருவர் நம்பிக்கைப் பொறுப்பு இல்லாத இரு பெரிய நிறுவனங்கள் வாங்கி விற்கும்போது, என் உள் கணக்கு என்ன சொல்கிறது என்று உனக்குச் சொல்ல வேண்டும் என்ற பொதுக் கடமை கிடையாது. பேசாமல் இருப்பது வேறு, பொய் சொல்வது வேறு. போனில் "ஏன் விற்கிறாய்" என்று கேட்டு, "வழக்கமான சரக்குக் குறைப்புதான்" என்று ட்ரேடர் சொன்னால் அந்த நொடியில் மோசடிச் சட்டத்துக்குள் வந்துவிடுகிறார். அந்தப் போன்கள் பதிவாகின்றன.

புதிதாகச் செய்த சரக்கை விளக்கக் கையேட்டோடு விற்பது இன்னொரு வகை. கோல்ட்மேன் சாக்ஸின் அபாகஸ் வழக்கு அதுதான். அந்தப் பத்திரத்தில் எந்தக் கடன்கள் சேர வேண்டும் என்று தேர்ந்தெடுத்ததில், அது விழும் என்று பந்தயம் கட்டிய ஒரு ஹெட்ஜ் ஃபண்டுக்கு (பெரும் பணக்காரர்களின் தனியார் முதலீட்டு நிதி) பங்கு இருந்ததைக் கையேடு சொல்லவில்லை. 2010 ஜூலையில் 55 கோடி டாலருக்குச் சமரசம் ஆனது. அதே கோல்ட்மேன் 2006 டிசம்பரில் அடமானச் சரக்கைக் குறைக்க முடிவெடுத்தது மட்டும் குற்றமாகவில்லை.

அதனால் போர்டு ரூமில் ரமேஷ் ஷா (ஆசிஃப் மாண்ட்வி) சொல்லும் ஒற்றை வரியைக் கவனிக்கச் சொல்வேன். அரசாங்கம் உங்களைத் தாமதப்படுத்தலாம், தடுக்க முடியாது, சரக்கு உங்களுடையது. இது சரியான பதில், ஆனால் கேட்ட கேள்விக்கு மட்டுமான பதில். யாரும் அவரிடம் "போனில் என்ன சொல்லலாம், என்ன சொல்லக்கூடாது" என்று கேட்கவில்லை. நிஜத்தில் அந்த அறையில் மிக ஆபத்தான பகுதி அது. இன்னொன்று, ரிஸ்க் அதிகாரி சாரா ராபர்ட்சன் (டெமி மூர்) முன்பே எச்சரித்திருக்கிறார் என்பது படத்தில் தெரிகிறது. அதனால் அன்று இரவுதான் எங்களுக்கே தெரிந்தது என்ற வாதம் நிலைக்காது. அவரை முதலில் வெளியே அனுப்புவதற்கு இதுவும் ஒரு காரணமாக எனக்குப் படுகிறது.

நிழல்வரி, உங்கள் வரிசை வாதத்தில் ஒரு சேர்க்கை: அட்டவணைக்கும் "யாருக்கு விற்கிறோம்" என்ற கேள்விக்கும் நடுவில்தான் ரமேஷின் வரி வருகிறது. முதலில் வழி, பிறகு அனுமதி, அதற்குப் பிறகுதான் வாங்குகிறவன்.

#7 நிழல்வரி

ரமேஷின் இடத்தை நான் தவறவிட்டிருந்தேன். என் வாதம் இதனால் இன்னும் பலப்படுகிறது.

கடன்பத்திரம் போட்ட இரண்டு வழிக் கணக்கைப் பார்த்ததும் ஒரு கேள்வி. காலை விலையைக் காப்பாற்றுவது கம்பெனிக்கு வாழ்வா சாவா. ஆனால் 6.30 கூட்டத்தில் ட்ரேடர்களுக்குச் சொல்லும் பரிசு விலையைப் பற்றியே பேசவில்லையே. தன் சரக்கில் 93 சதவீதம் விற்றால் 14 லட்சம் டாலர். தளம் முழுவதும் 93-ஐத் தொட்டால் ஆளுக்கு மேலும் 13 லட்சம். 92-இல் நின்றால் ஒன்றுமில்லை. பிறகு ஏன் எவனும் 95-க்குப் பேரம் பேச வேண்டும்?

#8 வட்டிக்கணக்கு

விலைக்குப் பரிசு வைத்திருந்தால் ட்ரேடர் நல்ல விலைக்காகக் காத்திருப்பான். அன்று காத்திருப்பதுதான் கொல்லும். காலையில் விலை தானாகவே உயரத்தில் இருக்கிறது, அதனால் அளவுக்குப் பரிசு வைத்தாலே அது வேகமாக மாறி, வேகம் விலையைக் காப்பாற்றிவிடும். பிற்பகலில்தான் இது கெடுகிறது. 91 சதவீதத்தில் நிற்பவன் மீதியை எந்த விலைக்கும் தள்ளுவான். அந்த இழப்பு கம்பெனி தெரிந்தே ஏற்கும் செலவு.

இரண்டாவது 13 லட்சம் இன்னும் நுட்பமானது. பக்கத்து மேசைக்காரன் தயங்கினால் என் பணம் போகிறது. தயங்குபவனை மேலாளர் தட்டிக்கேட்க வேண்டியதில்லை. சாம் அந்தக் கூட்டத்தில் மறைக்காமல் சொல்கிறார், இன்றைக்குப் பிறகு உங்கள் பெயர் சந்தையில் இருக்காது என்கிற பொருளில். மொத்தம் 27 லட்சம் அந்தப் பெயருக்கான விலை.

#9 முன்வரிசை

பணம் பேசாத ஒரு காட்சியையும் இந்த இழையில் பதிவு செய்ய விரும்புகிறேன். எரிக் டேல் தன் வீட்டு வாசல் படியில் உட்கார்ந்து, தான் பொறியாளராக இருந்தபோது கட்டிய பாலத்தைப் பற்றிச் சொல்வது. ஒஹாயோவின் டில்ஸ் பாட்டத்திலிருந்து வெஸ்ட் வர்ஜீனியாவின் மவுண்ட்ஸ்வில்லுக்கு. தினம் 12,100 பேர், போக 35 மைல், வர 35 மைல் மிச்சம். நாளுக்கு 8,47,000 மைல். மாதம், ஆண்டு, 22 ஆண்டு என்று வாயாலேயே பெருக்கிக்கொண்டு போவார். கடைசியில் அந்தப் பாலம் மனிதர்களுக்கு 1,531 ஆண்டுகளைத் திருப்பிக் கொடுத்தது என்று முடிப்பார். போர்டு ரூமில் மறைக்கப்பட்ட கணக்கின் படிகள் எல்லாம் இங்கே ஒவ்வொன்றாகக் காதில் விழுகின்றன.

#10 கடன்பத்திரம்

அந்தப் படிகளைப் போட்டுப் பாருங்க. 8,47,000 × 30 = 2,54,10,000. × 12 = 30,49,20,000. × 22 = 670,82,40,000 மைல். மணிக்கு 50 மைல்னா 13,41,64,800 மணிநேரம். இதுவரை எல்லாம் சரி. இதை 24-ஆல வகுத்தா 55,90,200 நாள் வரணும். டேல் சொல்றது 5,59,020. ஒரு இலக்கம் விழுந்துடுச்சு. அவர் பாலம் மிச்சப்படுத்தினது 1,531 ஆண்டு இல்லை, 15,315.